வீட்டுச் சுவருக்கு வண்ணம் தேர்தல்: சுவர், ஒளி, மிளிர்வு, நிறம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வண்ணத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே உள்ளவற்றைச் சுற்றியே எழுகிறது. 2010 அக்டோபர் 27ஆம் நாள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் 'லிட்டில் இந்தியா'வாகத் திறந்துவைக்கப்பட்டபோது அதன் தெருத்தோற்றம் பேசப்பட்டது. 2018 ஆகஸ்டில் பத்துமலையின் 272 படிகளும் பல நிறம் பூண்டபோது, அதற்கு மரபுடைமைத் துறையின் அனுமதி பெறப்பட்டதா என்ற வினா எழுந்து நாடெங்கும் விவாதமானது. ஆனால், நாம் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் நம் வீட்டு உட்சுவரின் நிறத்தை எப்படித் தேர்கிறோம்? தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் கடைக்குச் சென்று, வண்ண அட்டையைப் புரட்டி, கண்ணுக்குப் பிடித்த ஒரு சிறு சதுரத்தைச் சுட்டிக்காட்டிவிட்டுத் திரும்புகிறோம். ஓராண்டு கழிவதற்குள் அச்சுவரில் பூஞ்சை படர்கிறது. பூச்சு கொப்பளித்து உரிகிறது. சமையலறைச் சுவரில் கை பட்ட கறை போக மறுக்கிறது. குறை நிறத்தில் இல்லை. தேர்ந்த வரிசையில் இருக்கிறது.

அந்த வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் சுவர், அடுத்து ஒளி, அதனை அடுத்து மிளிர்வு, இறுதியில்தான் நிறம். இந்நான்கிற்கும் தமிழில் பொருத்தமான சொற்கள் உள்ளன என்பதையும் இடையிடையே காண்போம்.

1. சாயமும் பூச்சும்

மலேசியத் தமிழர் சுவரில் பூசுவதைப் பொதுவாகச் 'சாயம்' என்கின்றனர். 'வீட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டும்' என்பது நம் அன்றாட வழக்கு. தமிழகத்தில் சாயம் என்பது பெரும்பாலும் துணிக்குரியது. சுவருக்கு 'வண்ணம் அடித்தல்', 'வெள்ளையடித்தல்' என்பன வழங்குகின்றன. வட்டார வழக்கில் பிழை காண்பது நம் வேலை அன்று. எனினும், இவ்விரு சொற்களுக்கும் இடையே ஓர் அறிவியல் வேறுபாடு ஒளிந்திருக்கிறது.

சாயம் நீரில் கரைந்து நூலின் உள்ளே ஊறுவது. சுவர்ப் பூச்சில் உள்ள நிறப்பொருளோ கரைவதில்லை. மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. அத்துகளை 'நிறமி' என்கிறோம். நிறமியைச் சுவரோடு ஒட்டவைப்பது பிணைபொருள். இரண்டையும் தூரிகையில் ஓடும்படி நெகிழ்த்துவது நீர் அல்லது கரைப்பான். நீர் ஆவியாகிப் போன பின் பிணைபொருளும் நிறமியும் சேர்ந்து சுவரின்மேல் ஒரு மெல்லிய படலமாகத் தங்குகின்றன. ஆகவே, இன்று நாம் வாங்கும் 'எமல்ஷன்' வகை சுவருக்குள் ஊறும் சாயம் அன்று. சுவரைப் போர்த்தும் பூச்சு. போர்வைக்குள் ஈரம் இருந்தால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்த்தால், வண்ணம் தேர்வதில் பாதி விளங்கிவிடும்.

2. செங்கல்லும் சுண்ணாம்பும்

1881ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குப் பெருந்துயர் ஆண்டு. அவ்வாண்டுத் தொடக்கத்தில் தீயும், இறுதியில் வெள்ளமும் நகரை அழித்தன. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய கட்டடங்கள் தாங்கவில்லை. 1882இல் சிலாங்கூர் ஆட்சியாளராகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்டுமாறு பணித்தார். அதற்கு வேண்டிய செங்கல்லை அறுத்துச் சுட்ட இடமே பின்னர் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. ஊர்ப்பெயரே ஒரு கட்டுமான வரலாறாக நிற்கிறது.

அக்காலச் செங்கற்சுவரின்மேல் சுண்ணாம்புக் காரை பூசி, அதன்மேல் சுண்ணாம்பையே நீர்த்து அடித்தனர். சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் அது நீற்றுச் சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகும். வெள்ளையடித்தல் என்பது இவ்வாறு சுவருக்கு மெல்லிய கல் தோல் ஒன்றைப் போர்த்துவதே. அத்தோலில் நுண்துளைகள் உண்டு. செங்கல் உறிஞ்சிய ஈரம் அத்துளைகள் வழியே வெளியேறும். சுவர் 'மூச்சு விடுகிறது' என்று கைவினைஞர் கூறுவது இதனைத்தான்.

சுண்ணாம்பு கடுங்காரம் உடையது. எல்லா நிறமிகளும் அதில் நிலைப்பதில்லை. காவி, மஞ்சட்காவி போன்ற மண் நிறமிகள் நிலைக்கும். நம் கோயில் மதில்களில் வெள்ளையும் காவியும் மாறி மாறி வருவதற்குச் சமயப் பொருள் கூறுவர். சுண்ணாம்பையும் காவிமண்ணையும் வெயிலும் மழையும் எளிதில் மாற்றுவதில்லை என்ற வேதியியல் உண்மையும் அதனுள் அடங்கியிருக்கிறது. பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள சியோங் ஃபாட் சே மாளிகை ஆழ்ந்த நீலத்திற்குப் பெயர் பெற்றது. சுண்ணாம்பில் அவுரி கலந்து பெற்ற நீலம் அது. 1990களில் மரபுமுறைப்படி அம்மாளிகை சீரமைக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதையும் பெற்றது.

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், தம் சொந்த ஊர்களில் எழுப்பிய மாளிகைகளையும் இங்கே நினைவுகூரலாம். சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கடுக்காய் முதலியவற்றைக் கொண்டு பூசி, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய செட்டிநாட்டுச் சுவர்கள் பல தலைமுறை கடந்தும் மிளிர்கின்றன. அச்சுவரின் அழகு நிறத்தால் வந்ததன்று. நிறமோ வெறும் வெண்மை. அழகு முழுவதும் மிளிர்வில் இருக்கிறது.

3. முதலில் சுவர்: பச்சையும் காய்ச்சலும்

தமிழில் 'பச்சை' என்பது நிறத்தை மட்டும் குறிப்பதன்று. சுடாத செங்கல்லைப் பச்சைச் செங்கல் என்கிறோம். காயாத மரத்தைப் பச்சை மரம் என்கிறோம். பதமாகாதது, ஈரம் நீங்காதது என்பது அச்சொல்லின் பொருள். வண்ணம் தேர்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே: சுவர் பச்சையாக இருக்கிறதா, காய்ந்துவிட்டதா?

புதிதாகச் சிமெண்டுக் காரை பூசிய சுவர் ஏறத்தாழ நான்கு வாரம் காய வேண்டும். அதற்குமுன் வண்ணம் பூசினால் உள்ளிருக்கும் நீர் வெளியேற வழியின்றிப் படலத்தைத் தள்ளும், கொப்புளம் எழும். சிமெண்டின் காரத்தன்மை நிறமியைச் சிதைக்கும். வெளிறிய திட்டுகள் தோன்றும். இதனால்தான் காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு ஒன்றை முதலில் அடிக்கின்றனர். செலவு மிச்சம் என்று கருதி அடிப்பூச்சைத் தவிர்ப்பது, அடித்தளம் இல்லாமல் வீடு கட்டுவதைப் போன்றது.

பழைய கடைவீடுகளில் சிக்கல் வேறு. கிள்ளான் நகரின் பழந்தெருக்களிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எஞ்சியுள்ள சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் நிலத்து ஈரத்தை உறிஞ்சுபவை. அவற்றின்மேல் நெகிழிப் படலமாகும் எமல்ஷனைப் பூசினால் மூச்சுத் துளைகள் அடைபடும். ஈரம் உள்ளேயே தங்கி, கரைந்த உப்பை மேலே கொண்டுவந்து பூக்கச் செய்யும். காரையே பெயர்ந்து விழும். இத்தகைய சுவருக்கு ஏற்றது சுண்ணாம்பு அல்லது ஆவி ஊடுருவும் பூச்சு.

2021 டிசம்பரில் சிலாங்கூரைத் தாக்கிய பெருவெள்ளம் இந்தப் பாடத்தைப் பல குடும்பங்களுக்குக் கடுமையாகக் கற்பித்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் வட்டாரத்தின் தாழ்வான பகுதிகளிலும் வீட்டுக்குள் நீர் புகுந்தது. நீர் வடிந்ததும் சுவரின் சேற்றுக் கோட்டை மறைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு இயல்பானது. ஆனால், வெளிப்பக்கம் காய்ந்ததுபோல் தோன்றும் செங்கற்சுவர் உள்ளே பல வாரம் ஈரமாக இருக்கும். அதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுர நெகிழித் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, ஒரு நாள் முழுதும் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்தாகக் கோத்திருந்தாலும், அவ்விடச் சுவர் கறுத்திருந்தாலும், சுவர் இன்னும் பச்சை என்று பொருள்.

இதில் அழகு மட்டும் பணயமாக இல்லை. ஈரச் சுவரில் பூஞ்சை வளர்கிறது. உட்புற ஈரத்திற்கும் பூஞ்சைக்கும் மூச்சிளைப்பு முதலிய சுவாசக் கோளாறுகளுக்கும் தொடர்புண்டு என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி எடுத்துரைக்கிறது. பூஞ்சையின்மேல் வண்ணம் பூசுவது தீர்வன்று. அது வண்ணத்தையும் துளைத்துக்கொண்டு மீண்டும் வரும். ஈரத்தின் ஊற்றைக் கண்டு அடைக்க வேண்டும்: ஒழுகும் குழாயா, கூரையா, காற்றோட்டமில்லாக் குளியலறையா? பிறகு முகக்கவசமும் கையுறையும் அணிந்து பூஞ்சையைக் கழுவி நீக்கி, உலர்த்தி, அதன்பின் பூச வேண்டும். கழுவுவதற்கு வெளுப்பான் பயன்படுத்தினால் அதனுடன் வேறு எந்தத் துப்புரவு நீர்மத்தையும் கலத்தல் ஆகாது, நச்சுவாயு எழும்.

4. அடுத்து ஒளி

வண்ணத் தேர்வு பற்றிய நூல்களிற் பல ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வருபவை. வடக்கு நோக்கிய அறை வெயில் காணாதது, குளிர்ந்தது. ஆதலால் அதற்கு வெம்மையான நிறம் தேவை என்று அவை கூறும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. மார்ச் மாத இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. இரு பக்கத்திலும் அது உச்சியை ஒட்டியே இருப்பதால், நீண்ட கூரை விளிம்பு உள்ள வீட்டில் வடக்குச் சன்னலும் தெற்குச் சன்னலும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளி பெறுகின்றன. எனவே அந்நூல்களின் அறிவுரை இங்கே பொருந்தாது.

நமக்கு உண்மையான வேறுபாடு கிழக்குக்கும் மேற்குக்கும் இடையில் உள்ளது. கீழைச் சுவர் காலை ஒளியில் தெளிவாக இருந்து பிற்பகலில் மங்கும். மேலைச் சுவரில் மாலை வெயில் சாய்ந்து நேரே விழும். மஞ்சளும் ஆரஞ்சும் பூசிய மேலை அறை மாலை நான்கு மணிக்கு அடுப்பங்கரை போலத் தோன்றும். அத்தகைய அறைக்கு வெளிர்நீலம், வெளிர்பச்சை, சாம்பல் கலந்த வெண்மை ஆகியவை இதமளிக்கும்.

அடுத்து, வீட்டின் அமைப்பு. நம் வரிசை வீடுகள் பல 20 அல்லது 22 அடி அகலமும், அதைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட நீளமும் உடைய மனைகளில் எழுந்தவை. இருபக்கச் சுவரும் அண்டை வீட்டாருடன் பொதுவானவை. சன்னல்கள் முன்னும் பின்னும் மட்டுமே. நடுப்பகுதி இருண்டு கிடக்கும். பழைய கடைவீடுகளில் இக்குறையைத் தீர்க்க நடுவே வானம் பார்த்த திறப்பு ஒன்றை விட்டனர். நம் மூதாதையர் வீட்டு முற்றத்தின் உடன்பிறப்பு அது. முற்றம் இல்லாத இன்றைய வீட்டின் நடுப்பகுதிக்கு வெள்ளை அடித்தால் இருள் போகும் என்று பலர் நம்புகின்றனர். வெண்மை ஒளியை உண்டாக்குவதில்லை. வந்த ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. ஒளியே வராத இடத்தில் வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமாகவே தெரியும். அங்கே முதலில் விளக்கைத் திருத்த வேண்டும்; பிறகு இளமஞ்சள், சந்தனம் போன்ற வெம்மையான வெளிர்நிறத்தை நாடலாம்.

வண்ண அட்டைகள் சிலவற்றின் பின்புறம் 'எல்.ஆர்.வி.' என்ற எண் இருக்கும். விழும் ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பதை அது காட்டுகிறது. கருமைக்கு அது சுழியை நெருங்கும். வெண்மைக்கு 100ஐ நெருங்கும். இதனைத் தமிழில் 'ஒளி மீட்பு எண்' எனலாம். இருண்ட அறைக்கு இவ்வெண் உயர்ந்த நிறத்தையும், கண் கூசும் அறைக்கு இடைப்பட்ட நிறத்தையும் தேர்வது நலம்.

இரவில் விளக்கு நிறத்தை மாற்றும். மஞ்சள் ஒளி தரும் விளக்கு ஏறத்தாழ 2,700 முதல் 3,000 கெல்வின் அளவுடையது. 'டேலைட்' எனப்படும் வெள்ளொளி விளக்கு 6,500 கெல்வின். முன்னதன் கீழ்ச் சந்தன நிறம் செழிக்கும்; பின்னதன் கீழ் அதே நிறம் வெளிறும். ஆகவே, கடையின் விளக்கொளியில் எடுத்த முடிவு வீட்டில் செல்லாது.

5. மிளிர்வு

ஒரே நிறத்தைப் பல மிளிர்வுகளில் விற்கின்றனர். டின்னில் மேட், எக்ஷெல், சில்க், செமி-கிளாஸ், கிளாஸ் என அச்சிட்டிருப்பவற்றை முறையே மங்கல், முட்டையோட்டு மிளிர்வு, பட்டு மிளிர்வு, அரைப் பளபளப்பு, முழுப் பளபளப்பு எனத் தமிழில் வழங்கலாம். இவை வெறும் தோற்ற வேறுபாடுகள் அல்ல. பிணைபொருள் மிகுந்தால் படலம் வழவழப்பாகி ஒளியை ஒரே திசையில் திருப்பும், அதுவே பளபளப்பு. நிறமியும் நிரப்பிப் பொடியும் மிகுந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிக்கும், அதுவே மங்கல். வழவழப்பான படலத்தைக் கழுவ எளிது. ஆனால், சுவரின் மேடு பள்ளத்தை அது காட்டிக்கொடுக்கும். மங்கலான படலம் குறைகளை மறைக்கும். ஆனால், கறையைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இந்த இயல்பை அறிந்தால் இடத்திற்கேற்ற தேர்வு எளிதாகும். கை படாத உட்கூரைக்கு மங்கல் போதும். படுக்கையறைக்கும் வரவேற்பறைக்கும் முட்டையோட்டு மிளிர்வோ பட்டு மிளிர்வோ ஏற்றது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நடைவழிச் சுவருக்குப் பட்டு மிளிர்வைவிடக் குறைந்ததைப் பூசலாகாது. சமையலறையில் தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும், ஆவி படியும், மஞ்சள் கறை ஒட்டும். அங்கும் குளியலறையிலும் பூஞ்சைத் தடுப்புடைய அரைப் பளபளப்பே தகும். பூசையறை பலர் கருதாத இடம். நாள்தோறும் எரியும் விளக்கின் எண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் பின்சுவரில் படியும். அங்கே மங்கலான வெள்ளையைப் பூசினால் சில மாதங்களில் கறுப்பு நாமம் ஏறிவிடும். விளக்குக்குப் பின்னுள்ள சுவருக்கேனும் கழுவத்தக்க மிளிர்வு வேண்டும்.

கதவு, சன்னல், கிரில் கம்பி ஆகியவற்றுக்கு முழுப் பளபளப்புடைய எண்ணெய்ப் பூச்சு வழக்கம். இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய எண்ணெய்ப் பூச்சுகளில், குறிப்பாகக் கண்பறிக்கும் மஞ்சளிலும் ஆரஞ்சிலும் சிவப்பிலும், ஈயச் சேர்மங்கள் கலந்திருக்கக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. பூச்சில் அதன் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்பது இந்தியா 2016இல் வகுத்த விதி. பழைய கதவை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், நனைத்துத் தேய்த்து, தூளைத் துடைத்தகற்றுங்கள். பிள்ளைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்போது வீட்டுக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது ஈயம் அற்றது என்ற குறிப்பைத் தேடிப் படியுங்கள்.

6. இறுதியில் நிறம்

1905இல் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர், நிறத்தை மூன்று கூறுகளால் விளக்கினார். அது எந்த நிறம், எவ்வளவு வெளிர் அல்லது அடர், எவ்வளவு செறிவு என்பவை அவை. தமிழ் மரபுக்கு இப்பார்வை புதிதன்று. தொல்காப்பிய உரியியல், நிறப்பொருள் உணர்த்தும் உரிச்சொற்களைத் தனியே எடுத்துரைக்கிறது. அதைவிட அருகில், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் உள்ள சேலைக்கடைகளில் நின்று கேளுங்கள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இராமர் பச்சை, மயில்கழுத்து, மாந்தளிர், அரக்கு, வாடாமல்லி, பாக்கு நிறம், வெங்காயத்தோல் நிறம்! வண்ண அட்டையில் பொருள் விளங்காத பெயர்களின் முன் தடுமாறும் நாம், சேலைக்கடையில் ஒரு சாயலுக்கும் மறு சாயலுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறோம். அச்சொல்வளத்தைச் சுவருக்கும் கொண்டுவரலாம். 'பச்சை வேண்டும்' என்பதைவிடப் 'பாசிப்பச்சையில் வெளிர் வேண்டும்' என்பது பூசுபவருக்கு நிறத்தை ஐயமின்றி உணர்த்தும்.

சேலை மற்றோர் உண்மையையும் கற்பிக்கும். பாரிசு நகரின் கோப்ளான் திரைச்சீலைக் கூடத்தில் சாயப் பொறுப்பாளராக இருந்த வேதியியலாளர் செவ்ரூல், கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்ற முறையீட்டை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை. அருகிலிருந்த மற்ற நிற நூல்களே கறுப்பின் தோற்றத்தை மாற்றின. இதனை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார். ஒரே அரக்குக் கரை பச்சை உடலில் ஒருவிதமாகவும் மஞ்சள் உடலில் வேறுவிதமாகவும் தெரிவதை நம் நெசவாளர் நன்கறிவர். சுவரும் அப்படியே. தரைக்கல், திரைச்சீலை, மரச்சாமான் ஆகியவற்றின் நடுவில்தான் அது காணப்படும்.

மேலும், சிறு அட்டையில் மென்மையாகத் தோன்றும் நிறம் நான்கு சுவரிலும் பூசப்பட்டால் ஒன்றன் ஒளி மற்றொன்றில் பட்டுச் செறிவு ஏறும். ஆகவே, விரும்பியதைவிட ஒரு படி வெளிறியதைத் தேர்வதே பாதுகாப்பு. அதனினும் நல்லது மாதிரி பூசிப் பார்த்தல். ஒரு சிறு டின் வாங்கி, இரண்டடிச் சதுரப் பலகையில் இருமுறை பூசி, அறையின் இரு வேறு சுவர்களில் சாய்த்துவைத்து, காலை, நண்பகல், மாலை, இரவு விளக்கொளி என நான்கு வேளையும் பாருங்கள்.

7. வகுப்பறைக்கு ஒரு கணக்கு

12 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையின் சுவர்களுக்கு எத்தனை லிட்டர் வேண்டும்? நான்கு சுவரின் பரப்பு 480 சதுர அடி. 21 சதுர அடிக் கதவையும் 20 சதுர அடிச் சன்னலையும் கழித்தால் ஏறத்தாழ 440 சதுர அடி. அதாவது 41 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒருமுறை பூச 10 சதுர மீட்டர் வரை வரும் எனக் கொண்டால், இருமுறை பூச எட்டு லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். ஐந்து லிட்டர் டின் இரண்டு வாங்கி, எஞ்சியதைப் பின்னாளில் ஒட்டுப்போட வைத்துக்கொள்ளலாம். இரு டின்களையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும். இல்லையேல் சுவரின் பாதியில் சாயல் மாறும்.

மாணவர்கள் தத்தம் வீட்டு அறைகளை அளந்து இக்கணக்கைச் செய்யலாம். சன்னல் எத்திசை நோக்கியது, சுவர் ஈரமா, எந்த மிளிர்வு தகும் என்பவற்றைத் தமிழிலேயே குறித்து வரலாம். அறிவியலும் கணிதமும் மொழியும் ஒரே சுவரில் சந்திக்கும் பயிற்சி அது.

நிறைவாக, வண்ணம் பூசுவது ஆண்டுக்கொரு சடங்காக முடிந்துவிட வேண்டியதில்லை. சுவர் காய்ந்ததா என்று தொட்டறிந்து, ஒளி வரும் திசையை நோக்கி, அறையின் புழக்கத்திற்கேற்ற மிளிர்வைக் கொண்டு, அதன்பின் மனம் விரும்பும் நிறத்தைத் தேர்ந்தால், செலவிட்ட வெள்ளி வீணாகாது. அவ்வறையில் உறங்கும் பிள்ளைகளின் மூச்சும் நலமாக இருக்கும்.